உன் பெயரில் வந்த வீடு

குமுதாக்கா,

நாம் படுத்திருந்த ஈப்போ கடைவாசலிலிருந்து உன் முகத்தை வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிப் போன மூன்றாம் நாள், நீ மனுப் போட்டிருந்த குட்டி வீடுகளுக்குப் பெயர் வாசித்தார்கள். "குமுதா!" என்றதும் நான் கை தூக்கிவிட்டேன். உன் ஐசி, அந்த அடையாள அட்டை, என் பையில்தான் இருந்தது. படத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

பழைய ரப்பர் தோட்டத்தில், வீடில்லாதவர்களுக்கென்று கட்டியவை. கட்டில், அடுப்பு, உள்தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. இங்கே எல்லாருக்கும் நான் குமுதாக்காதான்.

ஆனால் தினமும் மத்தியானம் கதவைத் தட்டி, என் சொந்தப் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள்: "கதவத் தொறலா, நின்னு நின்னு கால் கடுக்குது."

அந்தப் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

இன்று தாழ்ப்பாள் போடவில்லை, அக்கா. கட்டிலில் நீ படு. எனக்குக் கடைவாசலில் விரித்த பழைய அட்டை போதும்.

உன் பெயரில் குடியிருப்பவள்