எட்டாவது கழுகு

14-8-1981, வெள்ளி

என் உரக்கடை வாசலில் நின்றால் மலைமேல் சுற்றும் பிணந்தின்னிக் கழுகுகள் தெரியும். தினமும் எண்ணுவேன், எட்டு இருக்கும். இன்று ஒன்றுதான் சுற்றியது. போன வாரம் ஆடு வளர்க்கும் முனுசாமி நரிக்கு வைக்கவென்று பூச்சிமருந்து வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊர் வேங்கிக்காலில் இருக்கும் அவன் கொல்லைக்கு ஓடினேன். செத்த ஆட்டில் அதை ஊற்றி வைத்திருக்கிறான். சுற்றிலும் ஏழு கழுகுகள் செத்துக் கிடந்தன.

"நரி இன்னும் சாவலங்க. இன்னொரு பாட்டில் குடுங்க" என்றான்.

மாட்டேன் என்றேன்.

"அப்போ ஃபாரஸ்ட்காரங்க வந்தா உங்க கடையத்தான் சொல்லுவேன்."

பயத்தில் கடைக்குக் கூட்டிவந்து கொடுத்துவிட்டேன். விடிவதற்குள் அதே ஆட்டில் மறுபடியும் ஊற்றிவிடுவான். எட்டாவது கழுகுக்கு இன்று இரை எதுவும் கிடைத்திருக்காது.