சோறு வேகும் வரை

செவ்வாய்க்கிழமை, நோர்வூட். வெளியே இன்னும் மழை.

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி சரோஜா கொழும்புக்குப் போனதிலிருந்து எனக்கு அடுப்புப் பக்கம் போகவே மனம் வருவதில்லை. இன்று மாலையும் பால் ஊற்றாத பிளேன்டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீடியோவில் அழைத்தாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, பருப்பு, லீக்ஸ் கறி."

"எங்க, தட்டக் காட்டுங்க பாப்போம்."

நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"வளர பருப்பு, ஓட சோறு, நோய வெரட்ட மரக்கறின்னு ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் படிச்சுக் குடுத்த வாத்தியாரு! எந்திரிங்க, நான் சொல்றேன்."

படிக்க மனமில்லாத பிள்ளைக்கு முதலில் ஒரே ஓர் எழுத்தைத்தான் கொடுப்பேன். அவளும் எனக்கு ஒரே சட்டிச் சமையலைத்தான் கொடுத்தாள். அரிசியையும் பருப்பையும் அதில் ஒன்றாகப் போட்டேன்.

"லீக்ஸப் பொளந்து கழுவுங்க, உள்ளுக்கு மண்ணு இருக்கும்," என்று அதட்டினாள். கடைசியில் ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றச் சொன்னாள். அதற்குள் பேரன் அழத் தொடங்கிவிட்டான்.

"நீ எப்ப வருவ?" என்று கேட்டேன்.

"புள்ளைக்குத் தலை நிக்கட்டும்ங்க. ஆறவிடாம சாப்பிடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சூடாகச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அவள் எதிரில் இருந்திருந்தால், வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைத்திருப்பாள்.

நாளைக்குக் கீரை இருக்கிறது. கீரைக் கறி எனக்கு நன்றாகவே வைக்கத் தெரியும். ஆனாலும் அவளைக் கேட்டுத்தான் வைக்கப்போகிறேன். வேகும்வரையாவது பேசிக்கொண்டிருப்பாள்.