நீ கேட்ட வண்டியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மாவுக்கு முன்னைக்கு இப்போது தேவலை, கால் வீக்கம் வடிந்திருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன், இத்தனை வருஷமும் அப்படித்தான் போயிருக்கிறேன், இந்தத் தடவை முடியவில்லை. போனில் சொல்லலாமென்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீ "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்றதும் சளி என்று மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நான் முழுதும் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே ஒன்றும் கேட்க முடியாது பார், அதனால்தான்.

நம் வண்டி மாதிரியே ஒரு சின்ன எஸ்யூவி, அதே மாடல், ஏழு வருஷம் ஓடியது விலைக்கு வருகிறது, உங்களுக்கு அது எப்படி உழைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் நாலே வரியில் பதில் போட்டேன். அந்த வண்டிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே, அது ஆளைக் கொல்லும் என்று. காரணம் எழுதவில்லை. அந்த நாலு வரியும் தப்பு அம்மாடி. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் பொறுமையாகப் படி.

வாங்கிய கதை உனக்குத் தெரியும். அம்மாவால் சாதாரணக் காரில் குனிந்து உட்கார முடியவில்லை, கையில் கட்டோடு வருகிறவளைப் பார்த்தால் டாக்ஸிக்காரர்களும் சீட்டில் ரத்தம் படுமோ என்று தயங்கினார்கள், அதனால்தான் இருக்கை உயரமாக இருக்கிற வண்டியாகத் தேடி, ஒரு பல் டாக்டர் எட்டு வருஷம் ஓட்டிய இதைப் பிடித்தேன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனை ஒரு பழைய கார் ஏமாற்றிவிட முடியாது என்ற திமிர் எனக்கு. அடியில் படுத்துப் பார்த்தேன், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன், ஒரு குறை சொல்ல முடியவில்லை. பதினாலு மாதம் அது ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. இரண்டு முறை எண்ணெய் மாற்றினேன், ஒரு பேட்டரி, வைப்பர் ரப்பர், அவ்வளவுதான். அம்மாகூட, உங்களைவிட இது சொன்ன பேச்சைக் கேட்குது என்பாள்.

பிறகு ஒரு நாள் பகல் பதினொன்றரை மணி இருக்கும், டயாலிசிஸ் முடிந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன், மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டி அப்படியே அடங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், மிதிக்கிறேன், இழுவையே இல்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. அம்மா முகம் வெளுத்து, கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன், ஒன்றுமே நடக்காதது போல ஏறிவிட்டது. அந்த வாரமே இன்னொரு முறை சிக்னலில் அப்படி ஆனது. தெருமுனை ஒர்க்‌ஷாப்காரரை உனக்கு நினைவிருக்கும், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவாரே, நீதானே அவருக்குப் பெருமூச்சு என்று பேர் வைத்தாய், அவரிடம் கொண்டுபோய் விட்டேன். நாலு நாள் கழித்து வழக்கம்போல மூச்சு விட்டுவிட்டு, "ஐயா, கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்துட்டேன், ஒரு கோளாறும் பதிவாகல. அந்தப் பாலத்துலயே ஆறு தடவை ஏறி இறங்கிட்டேன். வண்டி தங்கம்" என்றார். தங்கமாவது தகரமாவது என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, சொன்னால் சிரிப்பாய். அம்மா உள்ளே மெஷினில் இருக்கிற நாலு மணி நேரமும் நான் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நம் மாடல் வண்டிகளைத் தேடிக்கொண்டு திரிந்தேன். சொந்தக்காரர் வருகிற வரைக்கும் காத்திருந்து, மன்னிக்கணும், உங்க வண்டி எப்படி உழைக்குது என்று கேட்பேன். முதல் ஆள் என்னைத் திருடன் என்றே நினைத்துவிட்டார். ஒரு பேக்கரிக்காரர், பத்து வருஷமாக ரொட்டித் தட்டு அடுக்கிக்கொண்டு ஓட்டுகிறாராம், "என் சம்சாரம் கூட இதைவிட அடிக்கடி உடம்புக்குப் படுப்பா" என்றார். ஒரு நர்ஸ், கண்ணாடி மட்டும் ஏற இறங்க மக்கர் பண்ணும், மற்றபடி ஒன்றுமில்லை என்றாள். பாட்டு டீச்சர் ஒருவருக்கு மட்டும் கியர்பாக்ஸ் போய் மாற்ற வேண்டி வந்ததாம், மேட்டில் ஏறும்போது இருமும் என்று சொல்லிவிட்டு இருமியும் காட்டினார். ஏழு பேரைக் கேட்டேன், ஆறு பேர் நல்லது சொன்னார்கள், நான் அந்த ஏழாவது ஆளைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மனசில் ஒரு பயம் வந்துவிட்டால் காதுக்கு வேண்டியதுதான் விழும் போலிருக்கிறது.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். மூன்று வாரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிங் டிக்கெட் கொடுக்கிற பெண் குறுக்குக் கம்பியை இன்னும் தூக்கவில்லை, நான் பிரேக்கை மிதித்தேன், மிதித்தேன் என்றுதான் நினைத்தேன், வண்டி நிற்காமல் முன்னே பாய்ந்துவிட்டது. கம்பி உடைந்து பானெட்டில் விழுந்தது. அந்தப் பெண் பின்னால் சாய்ந்து, டிக்கெட் கூண்டுக்கும் வண்டிக்கும் நடுவில் தரையில் விழுந்தாள். உன் அம்மாதான் ஊசி குத்தாத கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக்கூடக் கை வரவில்லை. நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அவள் எழுந்து வந்து, "பெரியவரே, வீட்ல ரெண்டு பிள்ளைங்கள விட்டுட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குத்தான் அந்தப் பல் டாக்டரைக் கூப்பிட்டு, பிரேக் பிடிக்காத வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்களே, நீங்கள் மனுஷனா என்று கத்தினேன். அன்றைக்குத்தான் உனக்கும் அந்த நாலு வரி எழுதினேன். பெருமூச்சு பிரேக்கை முழுதும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அம்மா, விற்பதற்கு முன் மேல்வீட்டு டிரைவிங் டீச்சரை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாமே என்றாள். அவரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள காலி ரோட்டில் என்னைப் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னார். நான் எஞ்சினைப் பற்றிப் புலம்பிக்கொண்டே ஓட்டுகிறேன், அந்த டீச்சரம்மா ரோட்டைப் பார்க்கவே இல்லை, குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். எட்டாவது சுற்றில் வண்டி மேம்பாலத்தில் அடங்கிய மாதிரியே அடங்கியது. பார்த்தீங்களா, பார்த்தீங்களா என்று நான் ஜெயித்தவன் போலக் கத்தினேன். அவர் மெதுவாக, "ஐயா, காலை எடுக்காதீங்க. கீழ பாக்காமலே சொல்லுங்க, உங்க வலது கால் இப்ப எங்க இருக்கு?" என்றார். ஆக்சிலேட்டரில் என்றேன். "இப்பப் பாருங்க" என்றார். பாதம் பாதி ஆக்சிலேட்டரிலும் பாதி பிரேக்கிலும் கிடந்தது அம்மாடி. யாரோ ஒருத்தருடைய காலைக் கொண்டுவந்து அங்கே வைத்த மாதிரி. இரண்டையும் சேர்த்து மிதித்தால் இந்த வண்டியில் எஞ்சின் தானாகவே அடங்கிவிடுமாம், பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடாம். வாசலில் என் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை, ஆக்சிலேட்டரிலேயே இருந்திருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும், நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவா நின்னுடுச்சு என்பார்கள், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்றைக்கு என் வாயிலும் அதேதான் வந்தது.

அடுத்த நாளே டாக்டரிடம் போனோம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் ஒரு நைலான் இழையால் தொடுவேன், தெரிகிறபோது தெரியுது என்று சொல்லுங்கள் என்றார் அந்த டாக்டரம்மா. நானும் காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஒன்றுமே இல்லையே என்று, ஆரம்பிக்கலாமே டாக்டர் என்றேன். "ரெண்டு காலும் முடிஞ்சிடுச்சு ஐயா" என்றார்.  சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறதாம், எத்தனை வருஷமாகவோ. போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் இன்றோடு வேண்டாம் என்றார். அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள், வீட்டுக்குள் நடக்கும்போது என் வலது கால் செருப்பு நழுவி ஹாலிலேயே கிடக்குமாம், நான் அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு சமையலறை வரைக்கும் போவேனாம், ஐந்தாறு முறை எடுத்து வந்து போட்டிருக்கிறாளாம். டீச்சரைக் கூப்பிட்டதும் அதனால்தான், நான் சொன்னா நீங்க கேட்பீங்களா என்றாள்.  பிறகு அவளே, "வண்டியை வித்துடலாம்னு குதிச்சீங்களே, இப்பக் காலை எங்க கொண்டுபோய் விக்கிறது?" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே சிரித்தோம், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் அவள் என் கையை விடவே இல்லை.

பல் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பெரிய மனுஷன், போகட்டும் விடுங்க என்றார். டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடமும் நேரில் போய், தப்பு வண்டியின் மேல் இல்லை, என் மேல்தான் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், அதுவே பெரிது. இப்போது இரண்டு நாள் மேல்வீட்டு டீச்சர் நம் வண்டியிலேயே அம்மாவைக் கொண்டுபோய் விடுகிறார், மூன்றாவது நாள் ஆஸ்பத்திரி வேன் வருகிறது, அது வருகிற நேரம்தான் அதற்கே தெரியாது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான், வண்டி நல்ல வண்டி, தாராளமாக வாங்கு. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றின சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார், அந்தப் பாட்டு டீச்சர் அதை மாற்றியதே இல்லையாம். வண்டியைப் பரிசோதிக்கிற அன்றைக்கே நீயும் போய்ச் சர்க்கரை பார்த்துவிடு, இது நம் குடும்பத்தில் ஓடுகிற வியாதி, எனக்கு வலிக்கவில்லை என்று இருந்துவிடாதே, வலிக்காததுதான் இதில் ஆபத்து.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். எந்த மெஷினையும் கைவைத்துப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடித்தவன் நான். இப்போது தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், முள் குத்தியிருந்தாலும் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம், எனக்குத் தெரியாமலே என்னிடம் இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ என்று தோன்றுகிறது. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அந்த வாசலில் அவள் கைதான் என்னைப் பார்த்துக்கொண்டது. நீ லீவு கிடைக்குமா, டிக்கெட் கிடைக்குமா என்று யோசிப்பாய், யோசித்துப் பார், முடிந்தால் ஒரு பத்து நாள் வந்துவிட்டுப் போ அம்மாடி. இதை நானாகத்தான் கேட்கிறேன், அம்மா கேட்கச் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், வாண்டுக்கு நூறு முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வாண்டை முன்சீட்டில் உட்காரவைக்காதே, அழுதாலும் பின்னால்தான். கடிதம் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா