கேட்காமல் தள்ளிய நாற்காலி

என் கண்ணே,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. வேலை வேலை என்று நீ சாப்பாட்டையும் தூக்கத்தையும் தள்ளிப் போடாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவின் கடையில் வியாபாரம் சுமார், வாய்ச்சவடால் மட்டும் குறையவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் உன் தம்பி விஷயத்தை எழுதுகிறேன்.

போன மாதம் அவனைக் கூட்டிவர விளையாட்டுக் கூடத்துக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான், நாற்காலி எதிர்மூலையில் நின்றது. ஏதோ புதுப் பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்து, மண்டு மாதிரி கையசைத்தேனடி. முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிர்த்துப் பேசினான் என்று கோச் இவனைக் கீழே இறக்கிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம், இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தான். விளையாட்டுச் சங்கத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிற டீச்சரிடம் புகார் கொடுத்தோம். விளையாடுகிறவரின் நாற்காலி அவர் உடம்பு மாதிரி, அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று சங்கத்து விதியிலேயே இருக்கிறதாம். அவர் படித்துக் காட்டக் காட்ட, நான்தான் எல்லோரையும்விட பலமாகத் தலையாட்டினேன். விசாரணை முடியும்வரை கோச் வரக்கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கோச் இல்லாமல் அணி போட்டிக்குப் போக முடியவில்லை. கொஞ்ச நேரம் தரையில உக்காந்தா என்ன குடியா முழுகிப்போச்சு என்று ஒரு பையனின் அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். தம்பியோடு ஒட்டிப் பிறந்தவன் மாதிரி திரிவானே அந்தக் குண்டுப்பையன், அவனே இப்போது போனை எடுப்பதில்லை. நான் செஞ்சது சரிதானேம்மா என்று இவன் கேட்கிறான். சரிதான்டா என்கிறேன். சரியானதைச் செய்துவிட்டு இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிலில் இருந்தபோது, அறையைத் துடைக்க நாற்காலியை ஹாலுக்குத் தள்ளிவிட்டேன். எப்போதும் செய்வதுதான். பாதியில் நீ கூப்பிட்டாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு உலகமே மறந்துவிடும், வாளியை அப்படியே வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தால் பிள்ளை ஈரத்தரையில் கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து கதவுவரை வந்திருக்கிறான், கால்சட்டையெல்லாம் நனைந்து. கூப்பிட்டிருக்கலாமேடா என்று பதறினேன். கூப்பிட்டேம்மா, நீ அக்காகிட்ட பேசிட்டிருந்த என்றான். கோபமே இல்லை. நாற்காலியைக் கொண்டுவந்ததும் ஏறி உட்கார்ந்து, உன்மேலயும் டீச்சர்கிட்ட புகார் குடுக்கணுமாம்மா என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி.

நீ எங்கே இருந்தாலும் நல்ல மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் இரு. தம்பியிடம் இதைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே. லீவில் வரும்போது பழக்கதோஷத்தில் அவன் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிவிடாதே, கேட்டுவிட்டுத் தொடு. நேற்று நானும் முதன்முதலாகக் கேட்டேன், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா என்று. வேணாம்மா என்றான். அறை துடைக்காமலே கிடக்கிறது.

உன் அம்மா