அம்மா சொன்ன பல்வலி

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியவை: க்ரேயான், கெட்டித் தாள், அம்மாவுக்குத் தைலம்.

அம்மாவுக்கு மறுபடியும் விளக்கம். என்னைப்போல, படம் வரைய வைத்து மனசுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கிறவள், முதலில் தானே ஒருவரிடம் போய் உட்கார்ந்து தன் மனசைப் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பில் அது கட்டாயம். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா: "போயிட்டு வா கண்ணு. ஊருக்குள்ள பல்லு டாக்டர்னே இருக்கட்டும். மனசு வைத்தியம்னா பைத்தியம்னுதான் பேசுவாங்க."

ஆக, புதன்தோறும் எனக்குப் பல்வலி.

ஜூலை 8, செவ்வாய்
அம்மா அதற்குள் பல்வலி என்று சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார். "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்குது. வாராவாரம் வரச்சொல்லி என்னத்தைப் பாக்கப்போறான் அந்த டாக்டரு?" கையில் கிராம்பு வேறு. அம்மா அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு. மென்றேன். ஒரே காரம்.

ஜூலை 9, புதன்
நாமக்கல். மலையிறங்கும் கொண்டை ஊசி வளைவு முழுக்க பஸ்ஸில் நின்றபடியே பயணம்.

எனக்குச் சிகிச்சை தரும் மேடம், "சொல்லாம வெச்சிருக்கறதை வரைங்க" என்றார். பெரிய வாய் ஒன்று வரைந்தேன். தாள் முழுக்கப் பல். எனக்கே சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை. "இந்த வாய் யாருகிட்ட பேசப் பயப்படுது?"

சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். நாளைக்கு என்னிடம் வருகிறவர்களிடம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? நானே பல்வலி என்று ஒளிந்து போகிறவள்.

வெளியே வந்ததும் நல்ல பசி. பரோட்டா. சால்னா பிரமாதம்.

ஜூலை 13, ஞாயிறு
இனிப் பொய் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்." மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சாயங்காலம் ஒரு தட்டு பலாச்சுளை, கொட்டை எடுத்து. கோபம் போய்விட்டது போல. கேட்கவில்லை.

ஜூலை 16, புதன்
பஸ்ஸில் பக்கத்து சீட் செல்லம்மா அக்கா. சந்தைக்குப் பலா மூட்டையோடு.

"இன்னுமா பல்லு சரியாகல?"

சொல்லிவிட்டேன். "பல்லு இல்லீங்க்கா. மனசுல இருக்கறதைப் படமா வரைஞ்சு பேசப் போறேன். படிப்புக்கு வேணும். எனக்கும் வேணும்."

முன் சீட்டில் இரண்டு தலை திரும்பியது. திரும்பட்டும். அக்கா மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். போச்சு என்று நினைத்தேன். அப்புறம் என் காதருகே, மெதுவாக:

"எங்கூட்டுக்காரரு போனதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல சாமி. யாருகிட்டயும் சொன்னதில்ல. படம் வரையத் தெரியாதவங்களையும் அங்க சேத்துக்குவாங்களா?"