முகம் இருமவில்லை

புதன்கிழமை

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதி ஆறு வருடம் ஆகிவிட்டதால் அந்தச் சொல்லை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். உன் முகவரியை அக்காதான் கொடுத்தாள். ஆபீஸ் மெயிலில் எழுதினால் யார் யாரோ படிப்பார்கள். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். அதனால் கையால் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். நாளை மதியத்துக்குள் சேர்ந்துவிடும் என்கிறார் கூரியர்காரர். அவர் சொல்வதையும் நான் முழுதாக நம்பவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிறாள். எனக்கு இந்த வருடமும் பதவி உயர்வு இல்லை. என்னிடம் வேலை பழகியவன் இப்போது என் மேலாளர். என்னை 'ப்ரோ' என்று கூப்பிடுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று காலை பதினொரு மணிக்கு ஒருவனை வீடியோவில் நேர்காணல் செய்தேன். சீனியர் ப்ரோகிராமர் வேலைக்கு. முகத்துக்கு இருபத்தாறு வயது இருக்கும். மைக்கில் கரகரத்து வந்த குரலுக்கு நாற்பது. உதடு அசைந்து அரை நொடி கழித்துக் குரல் வந்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்றான். இருக்கலாம் என்று விட்டேன். பிறகு குரல் இருமியது. முகம் இருமவில்லை.

மறைந்திருந்து அடுத்தவனுக்காகப் பதில் சொல்வதைச் சிலர் தொழிலாகவே செய்கிறார்கள். அப்படி நான்கு பேரைப் பிடித்திருப்பதாக என் மேலாளர் பீற்றிக்கொள்கிறான். நானும் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் நான் கொடுத்த புரோகிராம் கணக்குக்கு விடை வர ஆரம்பித்துவிட்டது. புரோகிராமின் கடைசி வரி முதலில் திரையில் வந்தது, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறியது. அப்படி எழுதுகிற ஒரே ஆளோடு பத்து வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்தவன் நான்.

வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கக் கூடாதா என்று எனக்கே சொல்லிக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இந்த வேலையை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? எல்லோரும் உண்மையில் ஆகிற நேரத்தில் பாதியைச் சொல்லி நல்ல பேர் வாங்கப் பார்ப்பார்கள். அந்தக் குரல் அப்படிச் சொல்லவில்லை.

"எழுதறதுக்கு இருபது நிமிஷம் சார். யோசிக்கறதுக்கு எவ்வளவு போட்டுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

நாம் இருவரும் இருந்த பழைய கம்பெனியில் கால் மணிக்கு ஒரு தரம் என்ன செய்தோம் என்று டைம்ஷீட்டில் நிரப்ப வேண்டும். நாங்கள் எல்லோரும் நடக்காத மீட்டிங்கை எழுதி நிரப்பினோம். நீ ஒருவன் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு 'யோசித்தேன்' என்று எழுதினாய். அந்த மூன்று மணி நேரத்தில்தான் ஒரு மாதமாக யாருக்கும் அகப்படாத பிழை அகப்பட்டது, அது வேறு விஷயம். மேலிடம் உன் டீம் லீடரான என்னிடம் விளக்கம் கேட்டது. சும்மா உட்கார்ந்திருந்த நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் உன் வேலை போயிற்று. நீயும் எல்லோரையும் போல எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாம். அண்ணனுக்குச் சங்கடம் வருமே என்று ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது என் சந்தேகம் இதுதான். நேர்காணல் செய்பவரின் பெயர் அழைப்பிலேயே இருக்கும். நான்தான் என்று தெரிந்தே வந்தாயா? குத்திக்காட்ட வந்தாயா, கண்டுபிடிக்கட்டும் என்று வந்தாயா? உன் அண்ணியிடம் சொன்னேன். "சந்தேகப்படறீங்களா, ஆசைப்படறீங்களா?" என்று கேட்டுவிட்டு மாத்திரையைத் தேடப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நாற்பத்தைந்து நிமிட நேர்காணல் ஒன்றரை மணி நேரம் நீண்டதையும், வேண்டாத கேள்வி எல்லாம் கேட்டு நான் நீட்டியதையும் அவளிடம் சொல்லவில்லை.

முடிவை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். ஆள்மாறாட்டம் என்று எழுதினால் குரல் பதிவு விசாரணைக்குப் போகும். அதன்பின் எந்தக் கம்பெனியும் உன்னை வாசலில் சேர்க்காது. தேர்வு என்று எழுதினால் அந்த முகத்துக்காரன் வேலையில் சேர்ந்த முதல் வாரமே மாட்டுவான், அவனோடு நானும். திறமை போதாது என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்பது வருடமாக நேர்காணல் செய்கிறேன், இதைவிட நல்ல பதிலைக் கேட்டதில்லை. உன் விஷயத்தில் இன்னொரு முறை அப்படி ஒரு கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

ஆகவே அவனை அதற்குள் தானாக விலகிக்கொள்ளச் சொல். விலகியவர்களின் பதிவை யாரும் கேட்காமலே அழித்துவிடுவார்கள். இடம் காலியாகத்தான் இருக்கும். உன் பெயரில் நீ விண்ணப்பம் போடு. நேர்காணல் குழுவில் நான் இருக்க மாட்டேன். என் பெயரை எங்கேயும் சொல்லாதே, அதனால் உனக்கு ஒரு உபகாரமும் இல்லை.

நேற்று வந்தது நீ இல்லை என்றால், 'நான் இல்லை' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பு. நம்ப மாட்டேன். இருந்தாலும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன்