குறட்டையில் எழுந்த கடல்

என்னங்க,

பாப்பாவுக்குச் சளி மட்டும்தான். காய்ச்சல் இல்லை, மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். அவள் குறட்டையைப் பதிவு செய்து, கணினியில் எட்டு மடங்கு மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து, இன்று ஒலி வடிவமைப்புத் தேர்வில் போட்டுக் காட்டினேன். அச்சு அசல் கடல் அலை!

“எந்தக் கடற்கரையில எடுத்தீங்க?” என்றார் ஆசிரியர்.

“எங்க வீட்டுத் தொட்டில்ல, சார்.”

ஒரே சிரிப்பு. முதல் மதிப்பெண் எனக்குத்தான்!

“ஒரு வருஷம் படிச்சது போதும், பிள்ளையப் பாரு” என்று போனில் சொன்னீர்கள். நன்றாகவே கேட்டது. இரண்டாம் ஆண்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திட்டுங்கள். அதற்கு முன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நான் அனுப்பிய பதிவைக் கேளுங்கள். உங்களுக்கு அனுப்பியதில் மட்டும், கடைசியில் அவள் போட்ட தும்மலை அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்கள் மகளின் அம்மா